ஆறப் பொறுக்கும் பட்டறை
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கண்ணாடி வார்ப்பை அறிமுகம் செய்திருந்தேன். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிப் பிளாஸ்டர் அச்சு கட்டி, மெழுகை நீராவியில் வெளியேற்றி, அந்தக் குழிவில் கண்ணாடித் துண்டுகளை நிரப்பி மின்சூளையில் உருக்கும் கலை அது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘சிங்கப்பூரில் எங்கே வைத்துச் செய்வது’ என்றே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை பட்டறையைப் பற்றியே பேசுவோம்.

கேள்வி: சிராங்கூன் கார்டன்ஸில் எங்களுக்கு ஒரு செமி-டி வீடு, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய தரைவீடு. பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஓய்வுபெற்றபின் மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டரில் ஒரு பட்டறை கட்ட ஆசை. “நம்ம நிலம்தானே, ஒரு கொட்டகை போட்டா போதும்” என்கிறான் மகன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைக்குப் போய் சூளை பார்ப்பதற்கு முன்னால் கட்டடக் கலைஞர் ஒருவரைப் பாருங்கள் ஐயா. நிலம் உங்களுடையதாக இருந்தாலும், கூரையும் சுவரும் வைத்துக் கட்டும் எதற்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது வீட்டின் வகையைப் பொறுத்தது. கட்டுமான அமைப்புக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் அந்த விண்ணப்பங்களைப் போட முடியும். பின்புறத்தில் கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதையும் அவரிடம் கேளுங்கள். பழைய தரைவீடுகளில் அது பெரும்பாலும் கொல்லைப் பக்கமாகவே போகும், அதன்மேல் கட்டடம் எழுப்பப் பொதுப் பயனீட்டுக் கழகம் எளிதில் விடாது. பொழுதுபோக்குக்கான பட்டறை, விற்பனைக்கான தொழிற்கூடம் அல்ல என்பதையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அது முடிந்தபின் அறையின் உள்ளமைப்பு. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலரும் சூளையின் வெப்பத்தை நினைத்துத்தான் பட்டறை கட்டுகிறார்கள். நல்ல சூளையில் வெப்பம் உள்ளேயே இருக்கும், வெளித்தகடு சுடும், அவ்வளவுதான். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்து, சிமெண்டுத் தரையும் கல் சுவரும் தீப்பிடிக்காத மேற்கூரையும் இருந்தால் அந்தக் கவலை பாதி தீர்ந்தது. நீங்கள் இடம் ஒதுக்க வேண்டியது வேறு மூன்றுக்கு: தூசி, ஈரம், காத்திருப்பு.

அறையை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் அச்சுக் கலவை, மெழுகு, தண்ணீர். மறுபக்கம் சூளை மட்டும். அச்சுக் கலவை என்பது பிளாஸ்டரும் சிலிக்கா மாவும் (மாவாக அரைத்த படிகக்கல்) சம எடையில் சேர்ந்தது. சிலிக்கா மாவின் நுண்தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும், நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. அதனால் கலவை அறையில் துடைப்பமே வேண்டாம். ஈரத்துணியும், மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசுறிஞ்சியும் போதும். மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தில் சரியாகப் பொருந்தும் முகக்கவசம் கட்டாயம். தரையில் மெல்லிய சரிவு கொடுத்து, ஓரத்தில் ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் கலந்த தண்ணீரைக் கழிவுக் குழாயில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் கல்லாக இறுகிவிடும். வாளியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றி, படிந்ததைக் காயவைத்துக் குப்பையில் போட வேண்டும். கண்ணாடியை அரைக்கும்போது வரும் சேற்றுக்கும் இதே முறைதான். அரைப்பதையும் எப்போதும் தண்ணீர் விட்டே செய்யுங்கள்.

ஈரம் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் பல ஆண்டுகள் வேதியியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவள், இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஒரு கிலோ பிளாஸ்டர் கெட்டிப்பட்டால் அதன் படிகங்களுக்குள் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் பூட்டிக் கிடக்கும். தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததுபோல இருக்கும். இதற்கு மேல் கலக்கும்போது ஊற்றிய மிச்ச நீர் வேறு. அத்தனையும் சூளையில் நீராவியாகக் கிளம்பும். நம் ஊரின் ஈரக்காற்றில் அச்சு தானாக உலர்வது மிக மெதுவாக நடக்கும். செம்பவாங்கில் அண்ணன் வீட்டுப் பின்புறம் இருக்கும் என் பட்டறையில், கூரையை ஒட்டி ஒரு காற்றிழுப்பு விசிறியும் எதிர்ச்சுவரின் அடியில் காற்று உள்ளே வரும் துவாரமும் வைத்திருக்கிறேன். விசிறியின் வாய் அடுத்த வீட்டுச் சமையலறையைப் பார்க்காதபடி அமைத்தோம். மிச்ச மெழுகு எரியும்போது கொஞ்சம் புகை வரும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வேண்டாம் இல்லையா? சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஆவி படாத உயரத்தில், சுவரில் தனியாக மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அச்சு நிரம்பினால் இருபது கிலோ சர்வசாதாரணம். சூளையின் உள்தரையும் உங்கள் வேலை மேசையும் ஒரே உயரத்தில் இருந்தால் தூக்காமல் நகர்த்தலாம். நம் வயதில் இது பெரிய உதவி. சுவர் எழுப்பும் முன்பே சூளையின் அளவையும் கதவின் அகலத்தையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. எங்கள் பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கும் தற்காப்பு அறை, அதன் சுவர் கனத்த கான்கிரீட், கதவு இரும்பு. அதில் சிறிய சூளை வைத்தால் பாதுகாப்புதானே?

பதில்: வேண்டாம்மா. தீ பரவாது என்று நினைப்பது புரிகிறது, ஆனால் அந்த அறையில் காற்றோட்டம் மிகக் குறைவு. அங்கே இருக்கும் காற்றுத் துளைகளை மாற்றவும் கூடாது, சுவரை ஊடுருவிப் புதுத் துளை போடவும் கூடாது. மணிக்கணக்காக எரியும் சூளையின் வெப்பமும் ஆவியும் உள்ளேயே தேங்கும். 13 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் வரை ஓட்டலாம் என்பதால் சிறிய சூளையை வீட்டில் செருகிவிடலாம்தான். செருக முடிகிறது என்பதால் அது வீட்டில் இருக்க வேண்டிய பொருள் ஆகிவிடாது. சிலிக்கா மாவையும் குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். மெழுகு வேலையை வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள், அதில்தான் கை தேர வேண்டும். அச்சுக்கும் சூளைக்கும் பகிர்ந்து பயன்படுத்தும் பட்டறை ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: பத்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு யானைத் தலை வார்க்க வேண்டும். உருகிய கண்ணாடி ஆற எவ்வளவு நேரம் பிடிக்கும்? புதுப் பட்டறையில் மின்சாரம் எப்படி அமைப்பது?

பதில்: இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டது மிகச் சரி தம்பி. ஆறும் நேரம்தான் மின்சார அமைப்பை முடிவு செய்கிறது.

கண்ணாடி வெளிப்புறம் முதலில் குளிர்ந்து சுருங்கும், நடுப்பகுதி சூடாகவே இருக்கும். இந்த வேறுபாடு உள்ளே இறுக்கத்தை உண்டாக்கும். வெளியே எடுத்த அன்று அழகாக இருந்த வார்ப்பு, சில வாரம் கழித்து மேசையில் தானாகப் பிளப்பதற்கு இதுவே காரணம். வார்ப்புக்குப் பலரும் வாங்கும் புல்ஸ்ஐ என்ற நிறுவனத்தின் கண்ணாடிக்கு, 830 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கியபின் 482 டிகிரியில் நிறுத்திவைத்து, அங்கிருந்து மெதுவாக இறக்குவது வழக்கம். 25 மில்லிமீட்டர் கனமான தட்டைப் பலகைக்கு அந்த நிறுத்தம் 4 மணி நேரம், பிறகு முதலில் மணிக்கு 15 டிகிரி வீதம் இறக்கம், கீழே போகப் போக வேகத்தைக் கூட்டலாம். எல்லாம் சேர்ந்து அரை நாளுக்குச் சற்று மேல். 50 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு நாள். உங்கள் 100 மில்லிமீட்டருக்கு? 16 மணி நேர நிறுத்தம், பிறகு தொடக்கத்தில் மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான இறக்கம், மொத்தம் ஒரு வாரம். கனம் இரட்டித்தால் நேரம் மூன்று, நான்கு மடங்கு ஆகிறது பாருங்கள். யானைத் தலையில் காது மெல்லியதாகவும் நெற்றி கனமாகவும் இருக்கும், அதனால் கனமான இடத்தைவிடவும் கொஞ்சம் கூட்டியே கணக்கிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் பலோமார் மலைத் தொலைநோக்கிக்காக 1934இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் ஐந்து மீட்டர் அகலக் கண்ணாடி வட்டை வார்த்தார்கள். அது ஆறுவதற்குச் சுமார் பத்து மாதம் விட்டார்கள். இடையில் ஆற்று வெள்ளம் புகுந்து மின்சாரம் தடைப்பட்டபோதும் வட்டு பிழைத்துக்கொண்டது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்தக் கலைக்கு அப்படியே பொருந்தும்.

இப்போது மின்சாரம். ஒரு வாரம் ஓடும் சூளை, வீட்டில் கெட்டில் பழுதாகிச் சுவிட்ச் விழுந்ததால் நின்றுவிடக் கூடாது. நம் வீடுகள் பலவற்றில் மின்கசிவைத் தடுக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் மொத்த வீட்டுக்கும் ஒன்றுதான் இருக்கும். பட்டறைக்குத் தனிக் கம்பி, தனிப் பாதுகாப்புச் சுவிட்ச், சூளைக்கு அருகிலேயே மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் சுவிட்ச் என்று கேளுங்கள். இது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை, தெரிந்தவர் மலிவாகச் செய்கிறார் என்று விடாதீர்கள். 6 கிலோவாட் சூளை நம் 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் ஏற்கெனவே மூன்று ஏர்கான் ஓடினால் மொத்தச் சுமை தாங்குமா, மும்முனை இணைப்பு வேண்டுமா என்பதை அவர் கணக்கிட்டுச் சொல்வார். மாதக்கணக்கில் பயன்படுத்தாத சூளையின் செங்கல் ஈரம் உறிஞ்சிக்கொண்டாலும் ஆர்சிசிபி விழும். அப்போது சுவிட்சைக் குறை சொல்லாமல், மின்பணியாளரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். இடி மின்னல் நம் ஊரில் குறைவா? கட்டுப்பாட்டுப் பெட்டியைக் காக்க மின்னெழுச்சித் தடுப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஒரு யூனிட் 30 காசை ஒட்டி என்று வைத்தால், 3 கிலோவாட் சூளை முழு வேகத்தில் எரியும் ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு காசு. இறங்கும் நாட்களில் சூளை விட்டு விட்டுத்தான் எரியும்.

கேள்வி: என் தாத்தா கும்பகோணம் பக்கத்துக்காரர். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் சிற்பிகள் மெழுகில் குங்கிலியம் என்ற மரப்பிசினைக் கலப்பார்கள் என்று சொல்வார். அந்த முறையைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. மெழுகு உருவம், அதன்மேல் அச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றல், இந்த வழி இரண்டுக்கும் பொது. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, காவிரியின் வண்டல் மண்ணால் அச்சு கட்டுவார்கள். குங்கிலியம் சேர்ந்த மெழுகு வெயிலிலும் விறைப்பாக நிற்கும், நுணுக்கம் செதுக்க அருமையானது. ஆனால் அவர்கள் அச்சைத் தீயில் சுட்டு மெழுகை வெளியேற்றுகிறார்கள். நாம் நீராவியில் வெளியேற்றுவதால் பிசின் அச்சின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், எரிந்த கரி கண்ணாடியின் முகத்தில் தெரியும். நான் தேன்மெழுகும் பாரஃபினும் மட்டும் சேர்க்கிறேன். அச்சு மண்ணையும் மாற்ற வேண்டும். உலோகம் உருகிய நிலையில் உள்ளே வந்து சீக்கிரம் இறுகிவிடும். கண்ணாடியோ அச்சுக்குள்ளேயே உருகி, நாள்கணக்கில் அதோடு ஒட்டி வாழ்கிறது. அந்த வெப்பம் முழுவதையும் தாங்கி, கடைசியில் கைகளால் உதிர்க்கும்படி பலவீனமாகவும் ஆகும் அச்சு நமக்கு வேண்டும். பிளாஸ்டர் அதைச் செய்கிறது. 573 டிகிரியில் சிலிக்கா திடீரென்று விரியும் என்பதால் அந்த வெப்பத்தை மட்டும் நிதானமாகக் கடந்து செல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் சேரும் பாட்டில்களை உடைத்து வார்க்கலாமா?

பதில்: ஒரே பாட்டிலின் கண்ணாடியாக இருந்தால் முயலலாம். வெவ்வேறு பாட்டில்களைக் கலந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கி, விரிசல் விடும். மேற்பரப்பு மங்கிப் படிகம் பூப்பதும் பாட்டில் கண்ணாடியில் அதிகம். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு வழி: மெழுகு உருவத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, எத்தனை மில்லிலிட்டர் உயர்கிறது என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள், அத்தனை கிராம் கண்ணாடி.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து உட்லண்ட்ஸ் பக்கம் தொழிற்பேட்டையில் ஓர் இடம் வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். கட்டுவதைவிட இது எளிதா?

பதில்: நால்வர் என்றால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. கட்டட அனுமதி அலைச்சல் மிச்சம், மின்சுமையும் பெரும்பாலும் போதும். ஆனால் தொழிற்பேட்டை இடம் தொழிலுக்காக ஒதுக்கப்பட்டது. பி1 என்றால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராத இலகுரகத் தொழில், பி2 என்றால் அதைவிடக் கனமானது. வெறும் பொழுதுபோக்கு என்று சொன்னால் பல உரிமையாளர்கள் ஒப்பந்தம் போட மாட்டார்கள். நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் ஒரு சிறு வணிகமாகப் பதிந்து, வார்ப்புகளை விற்கவும் உருவாக்கவும் செய்கிறோம் என்று உண்மையிலேயே நடத்த முடியுமா என நால்வரும் பேசி முடிவெடுங்கள். கையெழுத்துப் போடும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: மின்சூளை வைக்கலாமா, எத்தனை ஆம்பியர் கிடைக்கும், காற்றிழுப்பு விசிறிக்குச் சுவரில் துளை போடலாமா, இரவு முழுவதும் ஆளில்லாமல் சூளை ஓடக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளும் காப்பீடும் இடம் கொடுக்குமா. கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.