கார் நிறுத்தத் தூண்களுக்குக் கார்பன் இழை சுற்றலாமா?

சென்னையில் 1998-இல் கட்டப்பட்ட, தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்துவதற்காகத் திறந்து விடப்பட்ட, 12 வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கச் செயலாளர் ஒருவர் கேட்கிறார்: ‘நிலநடுக்கப் பாதுகாப்புக்காகத் தரைத்தளத் தூண்களுக்கு எபாக்சி பிசினில் கார்பன் இழைத் துணியைச் சுற்ற 14 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒரு ஒப்பந்ததாரர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். இது பலன் தருமா, சென்னை வெயிலுக்குப் பிசின் தாங்குமா, செலவு நியாயமானதா?’

கேள்வியில் உள்ள அச்சம் நியாயமானதே. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், ஏறத்தாழ 225 கிலோமீட்டர் தள்ளியிருந்த அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் அடுக்ககங்கள் இடிந்தன. அவற்றில் பல உங்கள் கட்டடத்தைப் போலவே தரைத்தளம் திறந்தவை. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட அதிர்வு சென்னையிலும் உணரப்பட்டது. 2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க வடிவமைப்பு விதிநூல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. திறந்த தரைத்தளத் தூண்களை, கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது என்பதால், அந்த மடங்கு கணக்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ஒப்பந்ததாரர் சொல்லும் மருந்து இந்த நோய்க்குப் பாதி மட்டுமே பொருந்தும். மேல்தளங்களில் செங்கல் சுவர்கள், தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டகத்தை விறைப்பாக்கி வைத்திருக்க, சுவரே இல்லாத தரைத்தளம் மட்டும் நெகிழ்ந்துகொடுப்பதால், கட்டடத்தின் பக்கவாட்டு அசைவில் பெரும்பகுதி அந்த ஒரு தளத்தில் குவிகிறது. கார்பன் இழை தூணின் கான்கிரீட்டை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்து, அது நொறுங்காமல் கூடுதலாக வளைய உதவும். தூணைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டு விசையையும் தாங்கும். ரிங் கம்பிகளை அகல அகலமாகக் கட்டிய பழைய தூண்களுக்கு இது பெரிய உதவிதான். எனினும் தரைத்தளத்தின் விறைப்பை அது ஏறக்குறைய கூட்டுவதே இல்லை. விறைப்பைக் கூட்டுவது கான்கிரீட் சுவர்களோ, இரும்புக் குறுக்குச் சட்டங்களோ, சட்டகத்துடன் முறையாகப் பிணைத்த செங்கல் சுவர்களோதான். அவற்றை இரு திசைகளிலும் சமச்சீராக அமைக்காவிட்டால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும் என்பதால், எந்த இரு தூண்களுக்கு இடையில் சுவர் வர வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று கார்களுக்கான இடம் போகும். சங்கக் கூட்டத்தில் சண்டை வருவதும் அங்கேதான்.

தூணின் வடிவத்தையும் பாருங்கள். வட்டத் தூணில் இழையின் இறுக்கம் சுற்றிலும் சமமாக விழும்; செவ்வகத் தூணில் மூலைகளில் மட்டுமே விழும். தூணின் நீளப் பக்கம் குறுகிய பக்கத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டினால், சோதனை ஆதாரம் இல்லாமல் இந்த இறுக்கத்தை நம்பக் கூடாது என்று அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி சொல்கிறது. 230 × 450 மி.மீ. தூண் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, 230 × 600 அதைத் தாண்டிவிடுகிறது. மூலைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு மழுக்காமல் சுற்றினால், முதல் பெரிய அசைவிலேயே இழை அந்த இடத்தில் அறுபடக்கூடும்.

இனி பிசின். எபாக்சி என்பது பெரும்பாலும் பிஸ்பீனால்-ஏயும் எபிகுளோரோஹைட்ரினும் சேர்ந்து உருவாகும் மூலக்கூறு. அதன் இரு முனைகளிலும் உள்ள மூன்றணு வளையங்களை, பிசினோடு கலக்கும் கடினமாக்கியில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் திறந்து பிணைப்பதால் வலைபோன்ற திண்மம் உண்டாகிறது. எத்தனை வளையங்களோ அத்தனை அமீன் ஹைட்ரஜன்கள் வேண்டும். ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றும் மேஸ்திரி வலைக்குள் இணையாத மூலக்கூறுகளை விட்டு அதைப் பலவீனமாக்குகிறார். ஈரப்பதம் மிகுந்த நாளில் அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் நீரோடும் வினைபுரிந்து மெழுகு போன்ற படலத்தை உண்டாக்கும். அதன்மேல் வரும் அடுத்த அடுக்கு ஒட்டாது. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலை வேண்டாம்.

வெயில் பற்றிய உங்கள் ஐயம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பல, 50 முதல் 65 பாகைக்குள் கண்ணாடித் தன்மையை இழந்து ரப்பர்போல் மென்மையாகத் தொடங்கும். பயன்பாட்டு வெப்பநிலை இந்த எல்லைக்கு 15 பாகையாவது கீழே இருக்க வேண்டும் என்பது பொறியியல் வழக்கம். 55 பாகை எல்லை கொண்ட பிசினுக்கு அனுமதி 40 பாகைதான். சென்னையின் மே மாதம் அதைத் தாண்டும். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புற ஊதாக் கதிர் படும் வெளித் தூண்களுக்குப் பாதுகாப்புப் பூச்சும் தேவை. கம்பி துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே சுற்றுவது பழுதை மூடி வைப்பதாகும்.

செலவைப் பொறுத்தவரை வீட்டுக்கு ஏறத்தாழ 1.17 லட்சம் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். மனையின் பிரிபடாத பங்கை நிலநடுக்கம் அழிக்காது. எனவே இழப்பு கட்டடமும் பொருள்களும் மட்டும், வீட்டுக்கு 30 லட்சம் என்று கொள்வோம். 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அளவிலான அதிர்வில் 40 விழுக்காடு வாய்ப்புடன் அது முழுதும் போகும் என்றால், ஆண்டுக்கான எதிர்பார்ப்பு இழப்பு சுமார் 2,500 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு இதன் இன்றைய மதிப்பு 6 விழுக்காடு தள்ளுபடி வீதத்தில் (பின்னாளில் வரும் பணத்தை ஆண்டுக்கு இவ்வளவு குறைத்து மதிப்பிட்டால்) 35,000, 3 விழுக்காட்டில் 50,000. பத்தாண்டில் இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் 6 விழுக்காட்டில் 20,000-க்கும் குறைவு. பணத்தை மட்டும் பார்த்தால் 1.17 லட்சம் செலவுக்கு இது ஈடாகாது. இரவில் அந்தக் கட்டடத்தில் உறங்கும் நாற்பது ஐம்பது பேரைக் கணக்கில் சேர்க்கும்போதுதான் செலவு நியாயமாகிறது. ஆனால் உயிரைக் காக்கத்தான் செலவு என்றால், கட்டடத்தை விழவிடாத முறைக்கே முதல் ரூபாய் போக வேண்டும், அது சுவரா இழையா என்பது அப்புறம்.

ஆகவே ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அவரோடு தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரைக் கொண்டு பழைய கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை மதிப்பிடும் ஐ.எஸ். 15988 வழிகாட்டியின்படி மதிப்பாய்வு செய்யுங்கள். அதன் பிறகும் இழை தேவை என்றால், ஒப்பந்தத்தில் கான்கிரீட்டோடு பிசின் ஒட்டும் வலிமை குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் (வலிமையின் அலகு) என்று, ஒட்டியதைப் பிய்த்து இழுத்துப் பார்க்கும் இழுப்புச் சோதனையால் காட்ட வேண்டும் என ஒரு வரி சேருங்கள். பங்கீட்டில், தரைத்தளம் சரிந்தால் எல்லா வீடும் சேர்ந்தே விழும் என்பதால், கார் வைத்திருப்பவர் மட்டும் தரட்டும் என்ற வாதத்துக்கு இடமில்லை. பிரிபடாத மனைப் பங்கின் விகிதத்தில் வசூலிப்பதே தகராறு குறைந்த வழி.