செஸ் போட்டிக்கு விடுப்பு மறுத்தால்

"உட்கார்ந்து காய் நகர்த்துவது விளையாட்டா?" என்று கேட்டு உடற்கல்வி ஆசிரியர் உங்கள் மகளின் போட்டி விடுப்பை மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வியர்வைதான் அளவுகோல் என்றால் துப்பாக்கி சுடுதலை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம் ஐயா. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். செஸ் வீரர் மானுவல் ஆரோனுக்கு அர்ஜுனா விருது 1961-ஆம் ஆண்டுக்கே உரியது. நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவில் முதலாவதும் விஸ்வநாதன் ஆனந்துக்குத்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் உலக செஸ் கூட்டமைப்பை அங்கீகரித்துவிட்டது. இவற்றோடு போட்டி அழைப்புக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.

மகனின் மொபைல் கேமுக்கும் இப்படி விடுப்புக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது மின்னணு விளையாட்டுகளுக்கு, பதக்கம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அங்கே ஆடியவை தேசிய அணிகள். போர்வைக்குள் நள்ளிரவு வரை ஆடுகிறவனுக்கு விடுப்புக் கேட்காதீர்கள்.