முங்கி மீன் பிடிப்பது எந்த வாத்து?

கேள்வி: எங்கள் சூலூர்க் குளத்தில் ஒரு குட்டி வாத்து முங்கி முங்கி மீன் பிடிக்கிறது. ஆடியில் கழுத்து நல்ல செம்பழுப்பாக இருந்தது. தை மாதம் பார்த்தால் வெளிறிப்போய் வேறு பறவை மாதிரி இருக்கிறது. இணையத்தில் தேடினால் மீன் தின்னும் வாத்து என்று மெர்கன்சர் படம் வருகிறது. அதற்கும் செம்பழுப்புத் தலைதான். இது அதுதானா?
– கல்லூரி மாணவர், சூலூர்

பதில்: இல்லை தம்பி, நீங்கள் பார்த்தது முக்குளிப்பான். வாத்துகளோடு மிதந்தாலும் அது வாத்து இனமே அல்ல. அலகைக் கவனியுங்கள். தட்டையாக இருக்காது, குட்டையாக, கூராக இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் வாயோரம் வெளிர்மஞ்சள் பொட்டு ஒன்று பளிச்சென்று தெரியும். வால் இருப்பதே தெரியாது, பின்பக்கம் பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி உப்பியிருக்கும். மொத்த உடம்பும் ஓர் அடிக்குள் அடங்கிவிடும்.

மெர்கன்சர் இரண்டு அடிக்கு மேல் இருக்கும் பெரிய வாத்து. நீங்கள் பார்த்த படம் பெட்டையுடையது. ஆணுக்குத் தலை கரும்பச்சை, உடம்பு வெள்ளை. சிவந்த நீள அலகின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். ஓரமெல்லாம் ரம்பப் பல் இருப்பதால் பிடித்த மீன் வழுக்காது. கோடையில் லடாக் பக்கம் குஞ்சு பொரிக்கும். பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் கிளம்பிவிடும். பிறகு இறகு உதிர்த்து அதுவும் பெட்டை மாதிரியே ஆகிவிடும். குளிருக்கு ராமகங்கை போன்ற இமய அடிவார ஆறுகளுக்கு இறங்கி வரும். நொய்யல் பக்கம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, நம் முக்குளிப்பானுக்கு வருவோம். அதற்கு வலசை கிடையாது. குளம் வற்றினால் ராத்திரியில் பறந்து பக்கத்துக் குளத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். தண்ணீர் ஏறினதும் கழுத்தில் நிறம் ஏறும், கிலுகிலுவென்று ஜோடியாகக் கூவ ஆரம்பிக்கும். அந்தக் கூடு இருக்கிறதே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அழுகின நீர்ப்பாசியைக் குவித்துச் சம்புத் தண்டோடு பிணைத்த சின்ன மிதவை அது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் தாய் தண்ணீருக்குள் முங்கும். மூடி மூடி, வெள்ளை முட்டையே பழுப்பேறிப்போகும். குஞ்சுகள் தலையில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். அம்மா அப்பா முதுகில் ஏறிக்கொண்டு சவாரி போகும்.

அதனால்தான் குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையோரச் சம்பை ஒட்ட மழிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆகாயத்தாமரையைத் தாராளமாக அள்ளட்டும். அதை எடுப்பது குளத்துக்கு நல்லதுதான். சம்பும் போய்விட்டால் முக்குளிப்பான் கூட்டை எதில் கட்டும்? உங்கள் குளத்தில் வேலை நடந்தால், கூவல் கேட்கிற ஓரத்தை மட்டும் குஞ்சுகள் பெரிதாகும்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள் தம்பி.