பழைய ஸ்பீட்போட்: எஞ்சினைத் தொடும் முன் டிரான்ஸத்தைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். நண்பரும் நானும் சேர்ந்து 26 அடி ஸ்பீட்போட் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறோம். இரண்டு வி8 பெட்ரோல் எஞ்சின், ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே). நாலு வருஷமாக அலிபாக் பக்கம் டிரெய்லரிலேயே நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேட்டரி இப்போது வேண்டாம். எஞ்சின் கெட்டிருந்தால் வேறு எஞ்சின் வாங்கிவிடலாம். போட்டின் உடம்பு கெட்டிருந்தால் அந்தச் செலவே வேறு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸம், அதாவது எஞ்சினின் முழுத் தள்ளுவிசையையும் தாங்கும் பின்சுவர். பழைய போட்டுகள் பலவற்றில் அதன் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். ஏணி, வடிகால் அடைப்பு என்று எதற்காவது போட்ட ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே மரம் ஊறிவிடும்.

சின்ன சுத்தியலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கி ‘மொத்’தென்று வரும். அங்கே கீழாக இருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ, கம்பியை விட்டால் கறுத்த ஈரத் தூள் ஒட்டி வந்தாலோ சந்தேகமே வேண்டாம். எஞ்சின் மவுன்ட் ஸ்க்ரூக்களையும் இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சும்மா சுற்றினால் அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிஞ்சரும் போய்விட்டது என்று அர்த்தம்.

மேலாக ஃபைபர் ஒட்டி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெதுவாகப் போகும் படகு அப்படிக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். 50 நாட் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஒவ்வொரு அலையும் உடம்பில் அறைகிற அறையை ஒட்டுவேலை தாங்காது. உள்பக்க ஃபைபரை வெட்டி, அழுகியதை முழுக்கச் சுரண்டி, புது பிளைவுட்டை எபாக்ஸி பசையில் பதிக்க வேண்டும். கடைக்காரர் வாயால் ‘மரைன்’ என்று சொன்னால் போதாது. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710, அந்த முத்திரையைப் பாருங்கள்; வெட்டிய விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இல்லையா என்றும் பாருங்கள். மும்பை மழையின் ஈரத்தில் இந்த வேலை சரியாகப் பிடிக்காது. ஜூனுக்கு முன்பே ஃபைபரை முடித்துவிட்டு, மழை மாதங்களில் ஷெட்டுக்குள் எஞ்சினைப் பாருங்கள்.

எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒருநாள் கழித்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். கடல்நீரால் குளிர்விக்கும் எஞ்சின் என்றால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேலுள்ள ரைசரும் உள்ளே துருப்பிடித்து சிலிண்டருக்குத் தண்ணீர் விட்டிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி வேண்டாம் என்றது இதற்காகத்தான். எப்போது மாற்றியது என்று தெரியாத ரைசர், இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம்), ரப்பர் பெல்லோஸ் (டிரைவ் பின்சுவரில் சேரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் மடிப்புக் குழாய்) மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பெல்லோஸ் கிழிந்தால் போட்டே மூழ்கும். டிரைவ் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது.

டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க எடுத்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாளடைவில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஹோஸ்களும் புதிதாக இருக்கட்டும்.

குர்லாவில் கார் ஸ்பேர் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டிலும் கார் பாகம் கூடவே கூடாது. மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும், கார் பாகத்தின் பொறி வெளியே வரும், போட் வெடிக்கும். மரைன் பாகங்களில் அந்தப் பொறி வெளியே வராத அமைப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சின் அறையின் ஆவியை வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயரை நாலு நிமிஷமாவது ஓடவிடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு முன், உரிமை மாற்றம், பதிவு, சர்வே பற்றி மகாராஷ்டிரா மாரிடைம் போர்டில் விசாரித்துவிடுங்கள். இறக்குமதி போட் என்றால் சுங்கத் தாள்களும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, சோதனை ஓட்டம். 2024 டிசம்பர் 18 அன்று எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை ஸ்பீட்போட், எலிஃபண்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் பயணிகள் படகில் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேட்வே, மாண்ட்வா படகுகள் போகும் பாதையில் தயவுசெய்து சோதிக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சின் கயிறு அவர் உடம்பில். ஸ்டீயரிங்கும் திராட்டிலும் இரு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று கரையிலேயே பாருங்கள். முதல் பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்து, பெல்லோஸைச் சுற்றிக் கை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு அதோடு கரைக்குத் திரும்பிவிடுங்கள்.