அட்ஜெக்டிவ் வகையில் குழப்பமா? கேளுங்கள்

சேலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். அட்ஜெக்டிவ், அதாவது நவுனை (பெயர்ச்சொல்லை) விவரிக்கும் சொல், அதில் சந்தேகம் எதுவானாலும் கேட்கச் சொல்லியிருந்தேன், வந்தவற்றில் சில இதோ.

ஓமலூர் மாணவர்: அக்கா, 'சம்' என்பதை ஒரு கைடில் குவான்டிட்டி (அளவு) அட்ஜெக்டிவ் என்கிறார்கள், இன்னொன்றில் நம்பர் (எண்ணிக்கை) அட்ஜெக்டிவ் என்கிறார்கள். எது சரி?

ரெண்டுமே சரி தம்பி. அதன் பின்னால் வருகிற நவுனைப் பார். 'சம் மில்க்', பாலை ஒன்று ரெண்டு என்று எண்ண முடியாது, அதனால் குவான்டிட்டி. 'சம் மேங்கோஸ்', மல்கோவாவை எண்ணித்தான் கூடையில் போடுகிறார்கள், அதனால் நம்பர். 'ஆல்', 'எனி', 'எனஃப்' எல்லாம் இதே கதைதான், பட்டியலை மனப்பாடம் செய்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வாய். 'மச்' குவான்டிட்டிக்கு, 'மெனி' நம்பருக்கு, அதில் வம்பில்லை.

அஸ்தம்பட்டி அம்மா: பையன் 'திஸ்' டெமான்ஸ்ட்ரேட்டிவ் (சுட்டிக்காட்டும்) அட்ஜெக்டிவ் என்று எழுதினான், தப்பு போட்டுவிட்டார்கள்.

வாக்கியத்தைச் சொல்லவில்லையே நீங்கள்! 'திஸ் ரோடு கோஸ் டு ஏற்காடு' என்றால் அவன் எழுதியது சரி. 'திஸ் இஸ் த ஏற்காடு ரோடு' என்றால் 'திஸ்' தனியாக நிற்கிறது, அது ப்ரோநவுன், நவுனுக்குப் பதிலாக வரும் சொல். 'விச் பஸ்', 'ஈச் பஸ்' இரண்டையும் இப்படியே சோதிக்கலாம், முன்னது இன்டராகேட்டிவ் (கேள்வி கேட்பது), பின்னது டிஸ்ட்ரிபியூட்டிவ் (ஒவ்வொன்றாகக் குறிப்பது).

ஆத்தூர் அண்ணன்: 'மை' அட்ஜெக்டிவா, டிட்டர்மினரா?

பழைய இலக்கணத்தில் பொசெசிவ் (உரிமையைக் காட்டும்) அட்ஜெக்டிவ், புதியதில் டிட்டர்மினர், அதாவது நவுனுக்கு முன்னால் வந்து எது, யாருடையது என்று குறிக்கும் சொல். பரீட்சைக்கு உங்கள் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள், அவ்வளவுதான்.

ஏற்காடு வாசகி: 'காபி எஸ்டேட்' என்பதில் காபி அட்ஜெக்டிவா மேடம்?

நல்ல கேள்வி. காபி நவுன்தான், அட்ஜெக்டிவ் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி ஸ்வீட் ஆரஞ்ச்' ஒட்டும், 'வெரி காபி எஸ்டேட்' ஒட்டவே ஒட்டாது. 'ஸ்டீல் பிளான்ட்'டும் அப்படித்தான். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் உங்கள் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை 'ட்வென்ட்டி ஹேர்பின் பெண்ட்ஸ்' என்போம், அங்கேயும் 'வெரி' வராது, ஆனாலும் 'ட்வென்ட்டி'யைப் பள்ளி இலக்கணம் நம்பர் அட்ஜெக்டிவ் என்றுதான் சொல்கிறது. குணத்தைச் சொல்லும் வார்த்தைகளுக்குத்தான் 'வெரி' பெரும்பாலும் உதவும். அப்புறம், 'இண்டியன் காபி'யில் வரும் 'இண்டியன்' ப்ராப்பர் அட்ஜெக்டிவ், அதாவது நாடு, ஊர் போன்ற தனிப்பெயரிலிருந்து வந்தது, முதல் எழுத்து கேப்பிட்டலில் இருக்க வேண்டும், இதில் மார்க் போகிறவர்கள் ஏராளம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்காரர்: விளம்பரத்தில் 'சில்வர் பியூட்டிஃபுல் ஆங்க்லெட்ஸ்' என்று போடலாமா?

வேண்டாம் அண்ணா. நம் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதில் செய்தது என்பது கடைசியில். 'பியூட்டிஃபுல் சில்வர் ஆங்க்லெட்ஸ்' என்று மாற்றுங்கள், போர்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே.