கத்தி பட்ட இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளை ஆய்வாளர் மார்ட்டிமர் மிஷ்கின் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நினைவு குறித்து 1978-ல் அவர் வெளியிட்ட முக்கியமான முடிவு பின்னால் தவறாகிப்போனது என்று வேறோர் இடத்தில் படித்தேன். பார்வையில் தொடங்கியவர் நினைவுக்குத் தாவிவிட்டதாகவும் தோன்றுகிறது. அறுபது வருடம் உழைத்தும் இப்படி ஆகுமென்றால் அந்த உழைப்புக்கு என்ன அர்த்தம்? நான் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன், அந்தப் பயத்தோடுதான் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாவினார் என்று சொல்ல மாட்டேன். பார்வையின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார், அது அவரை நினைவில் கொண்டுபோய் விட்டது. கண் அனுப்பும் காட்சி மூளையின் பின்புறம் வந்து, அங்கிருந்து இரண்டு வழியாகப் பிரிகிறது என்று 1982-ல் சக ஆய்வாளர் லெஸ்லி அங்கர்லைடரும் அவரும் எழுதினார்கள். உச்சிப் பக்கம் போகும் வழி பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு, பொட்டுப் பக்கம் கீழே போகும் வழி அது என்ன என்பதற்கு. அந்தக் கீழ்வழி போய்ச் சேரும் இடத்தில்தான் மூளையின் உட்பகுதிகளான ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, அவற்றை ஒட்டிய புறணி (மூளையின் மேலடுக்கு) எல்லாம் இருக்கின்றன. 1953-ல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரு பக்கமும் வெட்டி எடுத்தது இந்தப் பகுதியில்தான். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதையும் அவரால் மனதில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பார்ப்பது என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறவர், பார்த்தது எங்கே தங்குகிறது என்று கேட்காமல் திரும்பி வர முடியுமா?

சரி, 1978-க்கு வருவோம். குரங்குக்கு முன்னால் ஒரு பொருளை வைப்பார்கள், நகர்த்தினால் அடியில் தீனி இருக்கும். கொஞ்சம் கழித்து அதே பொருளையும் கூடவே புதிதாக ஒன்றையும் வைப்பார்கள், இந்த முறை புதியதை நகர்த்தினால்தான் தீனி. ஹிப்போகேம்பஸை மட்டும் இழந்த குரங்கு ஓரளவு சமாளித்தது, அமிக்டலாவை மட்டும் இழந்ததும் அப்படியே. இரண்டையும் இழந்ததுதான் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியிலேயே திணறிப்போனது. நினைவுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று மிஷ்கின் முடிவு கட்டினார்.

அளந்ததில் பிழை கிடையாது. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்கப்போன கத்தி, ஒட்டியிருந்த புறணியிலும் (ரைனல் புறணி என்பார்கள்) பட்டிருந்தது. அமிக்டலாவை எடுக்கும்போது அந்தப் புறணியின் முன்பகுதி, ஹிப்போகேம்பஸை எடுக்கும்போது பின்பகுதி, இரண்டையும் எடுத்தால் முன்னும் பின்னும். அந்தப் புறணியை மட்டும் எடுத்தாலே குரங்கு அதே சோதனையில் மோசமாகத் தடுமாறுகிறது என்று காட்டிய ஆய்வுகளில் 1993-ல் வந்த கட்டுரை ஒன்று முக்கியமானது. அதை எழுதியவர்களில் மிஷ்கினும் ஒருவர்! பதினைந்து வருடம் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட முடிவைத் தன் ஆய்வுக்கூடத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார். அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு இதற்காகத்தான். (அந்தக் குரங்குகளை நினைத்தால் மனம் கனக்கிறது, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இடையில் இன்னொன்றும் நடந்தது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மறந்துபோகும் அதே வகைக் குரங்குகளுக்கு 20 ஜோடிப் பொருள்களை, ஒவ்வொரு ஜோடியையும் நாளுக்கு ஒரே ஒரு முறை காட்டிப் பழக்கினார்கள். எதன் அடியில் தீனி என்பதை அவை மற்றக் குரங்குகளைப் போலவே கற்றுக்கொண்டன! பழக்கம் ஒரு வழியில் உருவாகிறது, நினைவு வேறு வழியில் என்று 1984-ல் எழுதினார்கள். எனக்கு அவருடைய வேலையிலேயே மிகவும் பிடித்தது இது.

அப்புறம் 1997-ல், எழுபது வயதில், லண்டனில் ஃபரானே வர்கா-காதெம் என்ற ஆய்வாளரின் குழுவோடு சேர்ந்து மூன்று இளையவர்களைப் பற்றி எழுதினார். சிறு வயதிலேயே ஹிப்போகேம்பஸ் சேதமானவர்கள். அன்றாடம் நடந்தது எதுவும் நினைவில் நிற்காது, ஆனால் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள், பேச்சும் எழுத்தும் பொது அறிவும் வந்திருந்தன. நடந்ததை நினைவில் வைப்பதும் உலகத்தை அறிந்துகொள்வதும் ஒன்றல்ல என்றால் ஹிப்போகேம்பஸ் என்னதான் செய்கிறது? கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது, கேட்டார்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், 1978-ன் விளக்கம் போய்விட்டது, ஆனால் அதைத் திருத்தியவர்கள் பயன்படுத்தியது அதே பொருள் சோதனையைத்தான். நீங்கள் மூன்று வருடமாக எதை அளக்கிறீர்கள், அதிலிருந்து எதை ஊகிக்கிறீர்கள்? இரண்டையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசுவோம்.