ஒரே நடை, இரண்டு விதத் தொப்பை

நீங்களும் வீட்டுக்காரரும் ஒன்றாகத்தான் கோட்டையைச் சுற்றி நடக்கிறீர்கள், ஆனால் அவர் தொப்பை கல் மாதிரி, உங்களுடையது கையில் பிடிபடுகிறது, தொப்புளுக்குக் கீழே தொங்குகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்பு சேர்ந்த இடம்தான் வேறு. உங்கள் வீட்டுக்காரர் வயிற்றில் கல் மாதிரி தட்டுப்படுவது கொழுப்பு அல்ல, தசைச்சுவர். உள்ளே குடலைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு அதை முன்னால் தள்ளுகிறது. உங்களுக்கு அது தசைக்கு மேல், தோலுக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் கையில் பிடிபடுகிறது.

இதற்குப் பெரும்பாலும் ஹார்மோன்தான் காரணம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும் வரை பெண்களுக்குத் தோலடி, இடுப்பு, தொடை என்றுதான் சேரும். தொப்புளுக்குக் கீழே மட்டும் தொங்குகிறது என்றீர்களே, அங்கே தோலடிக் கொழுப்பே இரண்டு அடுக்கு, நடுவில் மெல்லிய சவ்வு. தோலை ஒட்டிய மேலடுக்கு நெருக்கமானது, அதற்கு உள்ளே இருக்கும் அடுக்கு தளர்ந்தது.

1. இருவரும் மல்லாந்து படுங்கள். தோலடிக் கொழுப்பு பக்கவாட்டில் சரியும். உள்கொழுப்பு மேடாகவே நிற்கும்.
2. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ. தான் எல்லை. தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். அவருக்குத்தான் முதலில்.

கோட்டையைச் சுற்றி நடப்பதை நிறுத்த வேண்டாம், உள்கொழுப்பு நடைக்குக் கரையும். மாதவிடாய் நின்றபின் உங்களுக்கும் உள்ளே சேரத் தொடங்கலாம். ஆனால் வயிறு சில வாரங்களில் திடீரென்று வீங்கியிருந்தால் அது நீராகவோ கட்டியாகவோ இருக்கலாம். டேப்பை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.